ரேஸ் போர்டு நடுங்குது, விட்டுப் போகுது, வளைய மாட்டேங்குது: ப்ளேட்ல இருந்து பேஸ் வரைக்கும் எங்க பாக்கணும்

ஹார்டு பூட் போட்டு ஓட்டுற அல்பைன் ஸ்னோபோர்டு, அதுலயும் டைட்டனால்ங்கிற அலுமினிய அலாய் ஷீட் வெச்ச ரேஸ் போர்டு (மெட்டல் போர்டு), அது மேல ஐசோலேஷன் ப்ளேட், அதாவது பூட்டைப் பிடிக்கிற பைண்டிங்குக்கும் போர்டுக்கும் நடுவுல வர்ற பலகை, இந்த செட்டப்புக்கு மட்டும்தான் கீழ இருக்குறது. சாஃப்ட் பூட் ஃப்ரீஸ்டைல் போர்டுக்கு இதுல பாதி பொருந்தாது.

சீசன் ஆரம்பிச்சா பெஞ்சுக்கு வர்ற போர்டுல பெரும்பாலானது "இந்த போர்டு சரியில்ல, வேற வாங்கலாம்னு இருக்கேன்"ங்கிற வசனத்தோடதான் வருது. கழட்டிப் பாத்தா போர்டுல ஒண்ணும் இருக்காது, ப்ளேட்டோட ஸ்லைடர் (நழுவ வேண்டிய முனை) இறுகிப் போயிருக்கும், இல்ல எட்ஜ்ல (ஓரத்து ஸ்டீல்ல) பிசிறு இருக்கும், இல்ல யாரோ நீளம் பாக்காம ஸ்க்ரூ போட்டிருப்பாங்க. கெஸ்லர், எஸ்ஜி, ஆக்ஸெஸ், டோனெக், காய்லர்னு எந்தப் பேர் இருந்தாலும் புது மெட்டல் போர்டு விலை என்னன்னு வாங்குனவங்களுக்குத் தெரியும், அதனால காசில்லாத செக்குல ஆரம்பிச்சு கடைசியாதான் போர்டு மேல சந்தேகப்படணும்.

எந்தத் தொந்தரவா இருந்தாலும் முதல்ல ஒரு டெஸ்ட். ப்ளேட்டைக் கழட்டுங்க, பைண்டிங்கை நேரா போர்டுல இருக்குற 4 சென்டிமீட்டர் சதுர இன்சர்ட்ல (உள்ள பதிச்ச மரை ஓட்டையில) மாட்டுங்க, நல்லா மெஷின் வெச்சுச் சமமாக்குன, கூட்டம் இல்லாத, ரொம்பச் செங்குத்து இல்லாத ஸ்லோப்ல மிதமான வேகத்துல ஒரு ரன் போங்க. தொந்தரவு போயிடுச்சுன்னா குத்தம் ப்ளேட்லயோ அதை மாட்டுன விதத்துலயோ இருக்கு. அப்படியே இருந்தா எட்ஜ், பேஸ் (அடிப்பரப்பு), ஸ்டான்ஸ் (கால் வைக்கிற அகலமும் கோணமும்), போர்டு, இந்த வரிசை. ப்ளேட் இல்லாம உயரம் குறையும், பூட் பனியில தட்டும், அதனால ரொம்பச் சாய்க்காதீங்க. இந்த ஒரு ரன்னுக்கு சோம்பல்பட்டுட்டு எட்ஜைத் திரும்பத் திரும்ப அரம் போட்டுத் தேச்சே தீத்தவங்க நிறைய பேர்.

கெட்டிப் பனியில போர்டு நடுங்குது

ரெண்டு பக்க டர்ன்லயும் நடுங்குனா

எட்ஜ்தான் முதல்ல. நகத்தை எட்ஜ் மேல குறுக்கா இழுங்க, மெல்லிசா நகத்தூள் வரணும், நோஸ் பக்கத்துல இருந்து டெயில் வரைக்கும் ஒரு சாண் இடைவெளியில செஞ்சு பாருங்க, ஏன்னா காலுக்கு நேர் கீழ மட்டும் மழுங்கி மத்த இடம் நல்லா இருக்குறது ரொம்ப சகஜம். அப்புறம் விரலை பேஸ்ல இருந்து வெளிய பாத்து தடவுங்க, பிசிறு தட்டுப்பட்டா டயமண்ட் கல்லை மட்டும் போட்டு எடுங்க. கல்லுல அடிபட்ட இடத்துல ஸ்டீல் இறுகிப் போயிருக்கும், அங்க நேரா அரம் போட்டா அரம்தான் போகும், டயமண்ட் கல் போட்டு அந்த இறுக்கத்தை எடுத்துட்டு அப்புறம் அரம். சைடு கோணம் 88 இல்ல 87 டிகிரி, பேஸ் பக்கம் அரை டிகிரில இருந்து 1 டிகிரி, இதுக்குள்ளதான் பெரும்பாலானவங்க ஓட்டுறாங்க.

எட்ஜ் சரியா இருந்தும் நடுங்குனா ப்ளேட் ஸ்லைடரைப் பாருங்க, அது கீழ தனியா வருது.

அதுவும் சரின்னா, உங்க போர்டு மெட்டலா வெறும் ஃபைபரான்னு பாருங்க. பழைய கிளாஸ் ஃபைபர் ரேஸ் போர்டு துள்ளும், டர்ன் முடிஞ்சதும் உங்களைத் தூக்கி அடுத்த டர்னுக்குப் போடும், அதுல ஒரு சுகம் இருக்கு, நான் மறுக்கல. ஆனா தண்ணி செலுத்தி இறுக்குன ரேஸ் ட்ராக்ல அந்தத் துள்ளல்தான் நடுக்கமா மாறுது. மெட்டல் போர்டுல மரக் கோருக்கு மேலயும் கீழயும் டைட்டனால் ஷீட், கூடவே அதிர்வை உறிஞ்ச ரப்பர் பட்டை, அதனால அது பனியோட ஒட்டிக்கிட்டுப் போகும், துள்ளாது. ஃபைபர் போர்டு மேல எவ்ளோ நல்ல ப்ளேட் போட்டாலும் உங்க காலுக்கு வர்ற அதிர்வு குறையுமே தவிர எட்ஜ் பனியில துள்ளுறது முழுசா நிக்காது. நடுக்கத்துக்கு இங்க மட்டும்தான் போர்டு மாத்துறது நியாயமான பதில்.

ஹீல் சைடு மட்டும் நடுங்குனா

அதிகமா வர்ற புகார் இதுதான். டோ சைடுல (கால் விரல் பக்கம்) கணுக்காலும் முட்டியும் ஸ்ப்ரிங் மாதிரி வேலை செய்யும், ஹீல் சைடுல (குதிகால் பக்கம்) ஹார்டு பூட்டுக்குள்ள அந்த வசதி பாதி போயிடுது, அதனால சின்னக் குறையும் பெருசாத் தெரியும்.

ஹீல் எட்ஜைத் தனியா செக் பண்ணுங்க. செங்குத்தான இடத்துல எல்லாரும் ஹீல் சைடுலதான் சறுக்கி இறங்குவாங்க, அதனால அந்தப் பக்கம்தான் சீக்கிரம் மழுங்கும். ரெண்டு எட்ஜையும் ஒரே அளவு தேச்சுட்டு "ஷார்ப் பண்ணிட்டேனே"ன்னா சரியாகாது.

அடுத்து பூட். பூட்டை பைண்டிங்ல மாட்டி போர்டை ஒரு சமமான மேஜை மேல எட்ஜ்ல நிறுத்துங்க, நல்லாச் சாய்ச்சுப் பாருங்க, பூட்டோட ஹீல் மேஜையில எப்ப தொடுதோ அதுதான் உங்க எல்லை. பின்னங்கால்தான் பெரும்பாலும் முதல்ல தொடும். சீக்கிரமே தொட்டா பைண்டிங் கோணத்தை 3 டிகிரி கூட்டுங்க, இல்ல பைண்டிங்கை டிஸ்க்ல டோ பக்கம் கொஞ்சம் நகத்துங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யாதீங்க, எது வேலை செஞ்சதுன்னே தெரியாமப் போயிடும்.

பின்னங்கால் ஹீல் லிஃப்ட் (குதிகாலைத் தூக்குற ஆப்பு), முன்னங்கால் டோ லிஃப்ட் (விரல் பக்கத்தைத் தூக்குறது) ரெண்டும் கடைசியா எப்ப மாத்துனீங்கன்னு யோசிங்க. புது பூட் வாங்குன உடனே ஹீல் சைடு கெட்டுப் போச்சுன்னா காரணம் இதுதான், புது பூட்டோட முன் சாய்வு வேறயா இருக்கும்.

இதெல்லாம் சரின்னா ஒரு ஃப்ரெண்டைப் பின்னாடி இருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்க. நாற்காலியில உக்கார்ற மாதிரி பின்பக்கம் தள்ளிட்டுப் போறீங்கன்னா சாமான்ல குறை இல்ல, கோச்கிட்ட போங்க, அந்தக் காசு ப்ளேட் வாங்குற காசை விட ரொம்பக் கம்மி.

நோஸ் மட்டும் படபடன்னு அடிச்சா

இப்ப வர்ற ரேஸ் போர்டுல நோஸ் கொஞ்சம் முன்னாடியே மேல எழும்ப ஆரம்பிக்கும், அப்படித்தான் செஞ்சிருக்காங்க. நேரா போறப்ப அது காத்துல லேசா அடிக்கிறது குறை இல்ல, விட்டுடுங்க. டர்னுக்குள்ளயும் அடிச்சாத்தான் விஷயம், அப்ப ப்ளேட்டை இல்ல பைண்டிங்கை ஒரு ஓட்டை முன்னாடி தள்ளி வெச்சு ஓட்டிப் பாருங்க.

டர்ன் நடுவுல எட்ஜ் விட்டுப் போகுது

மேல திரும்பி நடந்து போய் உங்க தடத்தைப் பாருங்க. இதை யாருமே செய்யுறதில்ல, ஆனா பாதி பதில் அங்கதான் எழுதி இருக்கு.

தடத்துக்குப் பக்கத்துல இன்னொரு கீறல் இருந்தா

பூட் இல்ல பைண்டிங் பனியில தட்டி எட்ஜைத் தூக்கி விட்டிருக்கு. போர்டோட இடுப்பு (நடுவுல ஒடுங்குன இடம்) அகலத்துக்கு உங்க பூட் நீளம் அதிகம், பைண்டிங் கோணத்தைக் கூட்டுங்க. ப்ளேட் இல்லாம ஓட்டுறவங்களுக்கு ப்ளேட் உண்மையாவே உதவுற இடம் இது, உயரம் கூடுறதால இன்னும் சாய முடியும்.

தடம் சுத்தமா ஆரம்பிச்சு நடுவுல அகலமா கரைஞ்சிருந்தா

எட்ஜ் மழுங்கல், இல்ல பேஸ் பக்கக் கோணம் அளவுக்கு மீறிப் போயிருக்கு. பேஸ் பக்கம் ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம்தானே"ன்னு தேய்க்கத் தேய்க்க அந்தக் கோணம் ஏறிக்கிட்டே போகும், எட்ஜ் நகத்துல வெட்டும் ஆனா பனியில பிடிக்காது, ரொம்பச் சாய்ச்ச பிறகுதான் பிடிக்கும். மார்க்கர்ல எட்ஜைக் கருப்பாக்கி, 1 டிகிரி கைடுல டயமண்ட் கல்லை லேசா ஒரு இழுப்பு இழுங்க, வெளி ஓரத்துல கருப்பு அப்படியே இருந்து உள்பக்கம் மட்டும் போச்சுன்னா கோணம் அதிகம். வீட்ல சரி பண்ண முடியாது, பேஸையே ஸ்டோன் கிரைண்ட் பண்ணி இறக்கணும். கிரைண்டிங் மெஷின் இருக்குற சர்வீஸ் கடைக்குப் போங்க, "ரேஸ் போர்டு, மெட்டல், கம்மியா எடுங்க"ன்னு சொல்லிட்டுக் குடுங்க.

டர்ன் முடியுறப்ப டெயில் விட மாட்டேங்குது

டெயில்ல பிசிறு இருக்கான்னு பாருங்க. அப்புறம் கம்மி ஸ்டோன்னு சொல்ற ரப்பர் கல்லை வெச்சு டெயிலோட கடைசி விரல் நீளத்துல மட்டும் எட்ஜை லேசா மழுக்குங்க, பனியில நின்னே பண்ணலாம். கொஞ்சமா ஆரம்பிங்க. டெயில்ல நீட்டா மழுக்கிட்டா அடுத்து டர்ன் முடிவுல பிடிப்பே போச்சுன்னு வேற புகாரோட வருவீங்க.

சரியாகலன்னா பேஸ் மேல ஒரு நேரான இரும்பு ஸ்கேலை நிறுத்தி, பின்னாடி லைட் வெச்சுப் பாருங்க. நடுவுல வெளிச்சம் தெரிஞ்சு ரெண்டு எட்ஜும் ஸ்கேலைத் தொட்டா பேஸ் குழிஞ்சிருக்கு, எட்ஜ் தண்டவாளம் மாதிரி நிக்குது, அது எங்க போனாலும் கொக்கி போட்டு இழுக்கும். இதுக்கும் கிரைண்ட்தான். ஒரே ஒரு இடத்துல, ஸ்க்ரூவுக்கு நேர் கீழ, மேடு மாதிரி இருந்தா அது வேற கதை: ஸ்க்ரூ நீளம் அதிகமாகி இன்சர்ட் அடியை முட்டித் தள்ளுது. உடனே கழட்டுங்க. சீக்கிரம் பாத்துட்டா மேடு அமுங்கிடும்.

போர்டு கட்டையா இருக்கு, வளையவே மாட்டேங்குது

ப்ளேட் போட்ட பிறகு வந்த தொந்தரவுன்னா கிட்டத்தட்ட எப்பவுமே மாட்டுன விதம்தான்.

ஒரு விஷயம் மட்டும் புரிஞ்சுக்கணும். முழு ஐசோலேஷன் ப்ளேட் ரெண்டு காலுக்கும் சேத்து ஒரே பலகை, ஒரு முனை ஆக்சில்ல சுழலும், இன்னொரு முனை சுழல்றதோட முன்னும் பின்னும் நழுவவும் செய்யும். போர்டு கீழ வில்லா வளையுறப்ப ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல தூரம் மாறுது, அந்த வித்தியாசத்தை நழுவுற முனைதான் விட்டுக் குடுக்கணும். அது நழுவலைன்னா உங்க போர்டு ஒரு அலுமினியச் சட்டத்தோட சேத்துக் கட்டுன பலகை, அவ்ளோதான்.

செக் பண்ற விதம்: நோஸ் பக்கமும் டெயில் பக்கமும் ரெண்டு மரக்கட்டை வெச்சு போர்டை அது மேல வைங்க, பைண்டிங் வேண்டாம், நடுவுல ரெண்டு கையால அழுத்துங்க, இன்னொருத்தர் ஸ்லைடர் முனையைக் கண்ணுக்கு நேரா வெச்சுப் பாக்கட்டும். கொஞ்சமாவது நகரணும், சில மில்லிமீட்டர் போதும். அசைவே இல்லைன்னா இறுகிடுச்சு.

ஸ்லைடர் இறுகியிருந்தா

அழுக்கு, ஐஸ், பழைய கிரீஸ். கழட்டித் துடைச்சுட்டு குளிருல கெட்டியாகாத சிலிகான் வகை கிரீஸ் துளி போடுங்க. சைக்கிளுக்குப் போடுற கெட்டி கிரீஸ் மைனஸ் 15ல மெழுகாயிடும்.

அடுத்து புஷ், அதாவது ஸ்க்ரூ நுழையுற சின்னக் குழாய். நிறைய ப்ளேட்ல ஸ்க்ரூ ப்ளேட்டை நேரா அமுக்காது, நடுவுல ஒரு புஷ் இருக்கும், ஸ்க்ரூ அதுமேலதான் இறுகும், ப்ளேட் சுத்தி நழுவும். அந்த புஷ் தொலைஞ்சு போய் வாஷரைப் போட்டு இறுக்கியிருந்தா ஸ்லைடர் பூட்டிக்கும். அந்த ப்ளேட் செஞ்சவங்க குடுக்குற புஷ்தான் வேணும், கைவசம் இருக்குறதை அரம் போட்டுச் சரி பண்ணாதீங்க.

ஸ்லைடர் நகருது, ஆனாலும் கட்டையா இருந்தா

ப்ளேட்டுக்கும் போர்டுக்கும் நடுவுல பனி போய் அடைச்சு ஐஸாயிடும், போர்டு வளைய இடமே இருக்காது. ஈரப் பனி நாள்ல மட்டும் தொந்தரவுன்னா இதுதான். நடுவுல மெத்தையான ஃபோம் துண்டு வெட்டிச் சொருகுங்க, பனி உள்ள வராது, போர்டு வளைஞ்சா ஃபோம் அமுங்கிக்கும்.

அப்புறம் இழுத்துப் பிடிச்சு மாட்டியிருக்கான்னு பாருங்க. கடைசி ஸ்க்ரூவைக் கழட்டுறப்ப ப்ளேட் "டப்"னு எழும்புனா இல்ல பக்கவாட்டுல நகந்தா, ஓட்டை நேரா இல்லாம வம்படியா இழுத்து மாட்டியிருக்கு. ப்ளேட்டுக்குன்னே தனி இன்சர்ட் இருக்குற போர்டும் இருக்கு, சாதாரண பைண்டிங் இன்சர்ட் மட்டும் இருக்குற போர்டும் இருக்கு, நடுவுல அடாப்டர் போடுறப்பதான் பெரும்பாலும் இந்தக் கோணல் வருது. எல்லா ஸ்க்ரூவையும் கையால ரெண்டு மூணு சுத்து உள்ள விட்டுட்டு, அப்புறம் மாத்தி மாத்தி இறுக்குங்க.

எல்லாம் சரின்னா

ப்ளேட் உங்களுக்குப் பொருந்தல, இல்ல போர்டு பொருந்தல. எடை கம்மியா இருக்குறவங்க உலகக் கோப்பை ஆளுங்க போடுற தடிச்ச ப்ளேட்டை 185 சென்டிமீட்டர் போர்டு மேல போட்டுட்டு, ஞாயித்துக்கிழமை கூட்டத்துல மெதுவா ஓட்டுனா அது வளையாது, வளையக் கூடாதுன்னுதான் செஞ்சிருக்காங்க. ஸ்குவோல், கரேட்ஸா மாதிரி உலகக் கோப்பை இடங்கள்ல இருக்குற பாரலல் ஜயன்ட் ஸ்லாலம் (பெரிய டர்ன்) ட்ராக்குக்கு உண்டானதும், பாட் காஸ்டைன்ல நடக்குற பாரலல் ஸ்லாலமுக்கு (குட்டி டர்ன்) உண்டானதும் வேற வேற, ஸ்லாலமுக்கு 160 சொச்சத்துலயே நின்னுடுவாங்க. ஆக்சில் ரெண்டும் எவ்ளோ தள்ளித் தள்ளி இருக்கோ அவ்ளோ அழுத்தம் முனைகளை நோக்கிப் போகும், நெருக்கி வெச்சா நடுவுல விழும், ப்ளேட்ல ஓட்டை வசதி இருந்தா நெருக்கி ஒருநாள் ஓட்டிப் பாருங்க. குட்டி டர்ன், மெதுவான வேகம், மென்மையான பனி, இதான் உங்க ஓட்டுன்னா ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியா இருக்குற சின்ன ரப்பர் ரைசர் ப்ளேட்டே போதும், எடையும் கம்மி, காலுக்கு பனி தெரியும். முழு ப்ளேட் போட்டா மேடு பள்ளம் காலுக்கு வராது, அது வேகத்துல வரம், மெதுவா போறப்ப போர்டு என்ன செய்யுதுன்னே புரியாது. என்னைக் கேட்டா கேட் (ரேஸ் ட்ராக்ல நடுற கம்பம்) ஓட்டாதவங்கள்ல நிறைய பேருக்கு முழு ப்ளேட் தேவையில்ல.

போர்டு செய்யுற சின்ன ஒர்க்‌ஷாப் ஆளுங்க ஆர்டர் எடுக்குறப்பவே எடை கேப்பாங்க. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க அதைக் கேக்குறதே இல்ல, முதல் ஓனர் 95 கிலோவா இருந்திருப்பாரு.

டக் டக்னு சத்தம்

பைண்டிங் ஸ்க்ரூ, ப்ளேட் ஸ்க்ரூ, பூட் ஹீல் பிடிமானம், ஆக்சில், இந்த வரிசையில ஒவ்வொண்ணா ஆட்டிப் பாருங்க. ஒவ்வொரு ஸ்க்ரூ தலைக்கும் பக்கத்து மெட்டலுக்கும் சேத்து பெயின்ட் பேனாவுல ஒரு கோடு போட்டுட்டா, அடுத்த தடவை கோடு விலகியிருந்தா எது லூஸாச்சுன்னு பாத்த உடனே தெரியும். ஸ்க்ரூ லூஸாகாம பிடிக்கிற நீல லாக்டைட் பசை ஒரு துளி போடலாம், ஆனா பிளாஸ்டிக் பார்ட் பக்கம் கொண்டு போகாதீங்க, சில பிளாஸ்டிக்கை அது விரிசல் விட வைக்கும். இறுக்குறது கை ஸ்க்ரூ டிரைவர்ல மட்டும், பேட்டரி மெஷின் வேண்டாம்.

ஆக்சில்ல ஆட்டம் இருந்தா புஷ் மாத்துங்க, அது தேயுற பொருள்தான். ப்ளேட்ல ஸ்லைடர் ஓட்டையே முட்டை வடிவமாத் தேஞ்சிருந்தா ப்ளேட் முடிஞ்சது.

ஸ்க்ரூ இறுகாம சும்மா சுத்திக்கிட்டே இருந்தா ரெண்டு வாய்ப்பு. மரை அழிஞ்சிருக்கு, இல்ல இன்சர்ட்டே போர்டுக்குள்ள சுத்துது. முதலாவதுன்னா எம்6 டேப் (மரை வெட்டுற கருவி) போடத் தெரிஞ்ச கடைக்காரர் பாத்துச் சொல்லுவார். ரெண்டாவதுன்னா அன்னைக்கே ஓட்டுறதை நிறுத்துங்க. வேகத்துல ஒரு கால் மட்டும் கழண்டு வந்தா முட்டி போயிடும். போர்டு செஞ்சவங்ககிட்டயோ நல்ல ரிப்பேர் ஆள்கிட்டயோ குடுங்க.

சமமான இடத்துல வேகமே இல்ல

வேக்ஸ். எட்ஜை ஒட்டி பேஸ் வெளுத்து, காஞ்சு, சொரசொரன்னு இருக்கும், ஐஸ் உரசி அங்கதான் முதல்ல போகும். வேக்ஸ் போட்டுச் சுரண்டி பிரஷ் பண்ணுங்க, அந்த ஓரத்துக்கு மட்டும் ஒரு கெட்டி வேக்ஸ் முதல்ல போடலாம். வேக்ஸ் போட்டும் வெளுப்பு போகலைன்னா கிரைண்ட். அலமாரியில பழைய ஃப்ளோரின் வேக்ஸ் மிச்சம் இருந்தா ரேஸ் போர்டுக்குப் போடாதீங்க, எஃப்ஐஎஸ் (சர்வதேச ஸ்கீ, ஸ்னோபோர்டு சம்மேளனம்) போட்டிகள்ல 2023-24 சீசன்ல இருந்து முழுத் தடை.

மெட்டல் போர்டுக்கு அயர்ன் போடுறப்ப நிறுத்தாம நகத்திக்கிட்டே இருங்க, மேல் பக்கத்துல கை வெச்சா வெதுவெதுன்னு இருக்கணும், அதுக்கு மேல சூடு ஏறுச்சுன்னா நிறுத்தி ஆற விடுங்க. அவசரத்துக்கு வெளிய பனியில கொண்டு போய் ஆற வைக்காதீங்க. டைட்டனாலும் மரமும் சூட்டுக்கு ஒரே மாதிரி நீளாது, நடுவுல இருக்குற எபாக்ஸிதான் அந்த இழுபறியைத் தாங்குது.

போர்டு வளைஞ்சு போச்சோன்னு சந்தேகம்

விழுந்து, இல்ல கேட்ல மாட்டி, இல்ல மொகல்ல (பனி மேட்டுல) நோஸ் குத்துன பிறகு. ஃபைபர் வளைஞ்சா திரும்பிடும், இல்ல உடைஞ்சிடும். டைட்டனால் ஒரு அளவைத் தாண்டி வளைஞ்சா அப்படியே நின்னுடும்.

ப்ளேட்டைக் கழட்டிட்டு பேஸ் கீழ இருக்குற மாதிரி சமமான மேஜையில வைங்க. ஒரு துண்டுப் பேப்பரை நோஸ் பக்கம் அடியில சொருகி எங்க தட்டி நிக்குதோ அங்க பென்சில் கோடு, ரெண்டு எட்ஜ் பக்கமும் தனித்தனியா, டெயில்லயும் அதே மாதிரி. ரெண்டு பக்கக் கோடும் ஒரே இடத்துல வரணும். வரலைன்னா முறுக்கு விழுந்திருக்கு. போர்டை வாங்குன அன்னைக்கே இதைச் செஞ்சு ஃபோட்டோ எடுத்து வெச்சா பின்னாடி சண்டையே இல்ல, ஏன்னா நோஸ் முன்னாடியே எழும்புறது டிசைனா வளைவான்னு பழைய அளவு இல்லாம சொல்றது கஷ்டம்.

அப்புறம் ஒரு காசை எடுத்து மேல்பக்கம் முழுக்கத் தட்டிக்கிட்டே வாங்க. சத்தம் ஒரே மாதிரி கெட்டியா வரணும், எங்கயாவது பொத்துன்னு வெத்துச் சத்தம் வந்தா உள்ள லேயர் பிரிஞ்சிருக்கு. சூடான ரூம்ல வெச்ச அப்புறம் சைடுவால் ஓரத்துல தண்ணி கசிஞ்சாலும் அதேதான்.

டெயில் நுனியில விரல் நீளத்துக்குள்ள பிரிஞ்சிருந்தா நல்லாக் காய வெச்சு, எபாக்ஸி விட்டு, கிளாம்ப் போட்டு வீட்லயே ஒட்டலாம். ஈரம் இருக்குறப்ப ஒட்டுனா நிக்காது, காயறதுக்கு நாள் கணக்குல விடுங்க. காலுக்குக் கீழயோ, நோஸ் வளைய ஆரம்பிக்கிற இடத்துலயோ, ஷீட்டே கண்ணுக்குத் தெரியுற மாதிரியோ பிரிஞ்சிருந்தா கை வைக்காதீங்க, அது ரிப்பேர் ஆளுக்கு. முட்டியில வெச்சு எதிர்ப்பக்கம் வளைச்சு நேராக்குற வீடியோ எல்லாம் பாத்துட்டு இறங்காதீங்க, ஷீட் நேராகும், ஒட்டு விட்டுடும்.

குடுக்கப் போறப்ப போர்டை மட்டும் தூக்கிட்டுப் போகாம ப்ளேட், ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு போங்க. உங்க எடை, ஸ்டான்ஸ் அகலம், ரெண்டு கால் கோணம், எந்தப் பக்க டர்ன்ல வருது, கெட்டிப் பனியிலயா ஈரப் பனியிலயா, ப்ளேட் இல்லாம ஓட்டுனப்ப என்ன ஆச்சு, இதை ஒரு சீட்டுல எழுதி போர்டுல ஒட்டிடுங்க. இல்லைன்னா எட்ஜை மட்டும் சாணை பிடிச்சுட்டு பில் போட்டுக் குடுத்துடுவாங்க.